பால் கட்டியிருந்துச்சு

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் ஏறி, இப்போது தலையில் ஒரு விரல்கடை முடி முளைத்திருக்கிறது. உயிரோடு இருக்கிறேன். ஆனாலும் இது செத்துப் பிழைத்த கதை இல்லை. என்னைப் பொய்க்காரி ஆக்கின கதை. நோய் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்காக அதையும் சொல்கிறேன். ஆனால் என் கோபம் நோய் மேல் இல்லை. நோய் என்னிடம் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

ராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. பேண்டேஜ் துணியை வாங்கி, வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு அனுப்புவோம். என் வீட்டுக்காரர் கருப்பசாமி மிஷினைப் பார்ப்பார், நான் ஆட்களையும் சரக்கையும் பார்ப்பேன். எனக்குச் சுகர் உண்டு. மாத்திரை போடுகிறேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாண வீட்டில் இலையில் கேசரி வைக்க வந்தால் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி "எனக்குச் சுகர்" என்று சொல்கிறவள் நான்.

அந்தச் சுகரை வைத்துக்கொண்டு மருத்துவக் காப்பீடு எடுக்க நான் பட்ட பாடு தனி. முதல் கம்பெனி ஆள் வாசலிலேயே கேட்டார். சுகர் என்றதும் "பேசிட்டுச் சொல்றேங்க்கா" என்று போனவர் போனவர்தான். இரண்டாவது கம்பெனி ரத்தம் எடுத்தது, நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தது, கடைசியில் "தற்போது இயலாது" என்று செல்போனில் ஒரு வரி அனுப்பியது. அப்புறம்தான் பாலு வந்தான்.

பாலு என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். சோழபுரத்தில் இருக்கிறான். ஏஜென்ட். எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே செல்போனில் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"மதினி, சுகர்ங்கிறத விட்டுருவோமா? யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலேன்னா இல்லைன்னு ஆயிருமா? எழுது பாலு."

"பிரீமியம் ஏறும் மதினி."

"ஏறட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு நான் முழிக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏலே, இவ கோயில்ல செருப்பத் தொலைச்சா, எந்தக் கால் செருப்புல வார் பிஞ்சிருந்துச்சுன்னு சேத்துச் சொல்லுவா. எழுதித் தொலை."

எழுதினான். கூடுதலாகக் கட்டினோம். சுகரால் வருகிற எதற்கும் சில வருசம் பணம் தரமாட்டோம் என்று கம்பெனி சொன்னது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று அதற்குப் பெயர். சரி என்றேன். அந்தக் காலமும் ஓடி முடிந்தது. ஒரு தடவைகூட நாள் தவறாமல் கட்டினேன். "எதுன்னாலும் ஒரு போன் போடுங்க மதினி, நான் இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் பாலு சொல்வான்.

கட்டியை நான்தான் முதலில் கண்டேன். குளிக்கும்போது சோப்புக் கையில் இடறியது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததால் நல்லது என்று நினைத்தேன். அது தப்பு. இதை வாசிக்கிற பெண்கள் இந்த ஒரு வரியையாவது ஞாபகம் வையுங்கள்: வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

என் அக்கா சண்முகத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் இருக்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். அக்கா பேச ஆரம்பித்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கு எங்கள் குடும்பமே மனப்பாடம் ஆகிவிடும். வந்து இறங்கும்போதே "திருத்தங்கல்ல ஒருத்திக்கு இப்படித்தான் இருந்து ஒண்ணுமில்லாமப் போச்சாம், கண்டக்டர் சம்சாரத்துக்குச் சொந்தமாம்" என்று ஒரு சேதியோடுதான் இறங்கினாள்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் சொல்லப் போவதில்லை. முதலில் மேமோகிராம். இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து நசுக்கி எடுக்கிற எக்ஸ்ரே. வலிக்காது என்பார்கள். வலிக்கும். பிறகு பயாப்ஸி. கட்டிக்குள் தடித்த ஊசியை விட்டு, ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு துளி சதையைக் கிள்ளி எடுப்பார்கள். அதை மதுரைக்கு அனுப்பி, அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வார்கள். அதுவரை நான் பட்டறையில் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது. காது மட்டும் போனிடமே இருந்தது.

கெட்டதுதான். ஆனால் பெரிய டாக்டர், ஆபரேஷன் செய்கிறவர், என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. இது புதுசா வந்தது. சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டோம். நான் பாத்துக்கறேன்." புதுசா வந்தது. இந்த வார்த்தையை மறக்காதீர்கள்.

பாலுவுக்கு போன் போட்டேன். "தைரியமாப் போய்ப் படுங்க மதினி. ஒத்தப் பைசா கட்ட வேண்டாம், கம்பெனி நேரா ஆஸ்பத்திரிக்கே குடுத்துரும்" என்றான். ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க் என்று ஒரு மேசை உண்டு. அங்கே இருந்தவர் கார்டை வாங்கி அனுப்பினார். முதல் அனுமதி வந்துவிட்டது. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். புற்றுநோயை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கினேன், பிள்ளை படிப்புக்கு வைத்திருந்த பணத்தைத் தொட வேண்டாம் என்பதால்.

சேர்ந்த அன்றைக்கு டூட்டி டாக்டர் ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. சென்னையில் படித்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எனக்கு என்னென்ன நோய், எப்போதிருந்து, குடும்பத்தில் யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நான் சுகரைச் சொன்னேன். மாத்திரைப் பெயர் சொன்னேன்.

"மார்ல இதுக்கு முன்னாடி எதாவது பிரச்சினை?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"ஏட்டி, டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லணும். இவ மகளப் பெத்தப்ப இதே மாருல பால் கட்டி இருந்துச்சு டாக்டர். கல்லு மாதிரி. தொட விடமாட்டா. பொறவு மல்லியப்பூவ வச்சுக் கட்டித்தான் சரி பண்ணுனோம்."

"எவ்ளோ வருஷம் இருக்கும்?"

"பிள்ள காலேஜுக்குப் போயிட்டாளே. ஆச்சு, பத்தொம்பது வருசம்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்து, பார்த்தாயா எப்படிச் சொன்னேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

அது நடந்தது உண்மை. என் மகள் கார்த்திகா எடை குறைவாகப் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். குடிக்க வாயில்லாமல் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சலில் கிடந்தேன். அக்காதான் பூ வாங்கி வந்து வைத்துக் கட்டிவிட்டாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஒரு வாரத்தில் காய்ச்சலும் போனது, கல்லும் போனது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டுவது ஒரு நோயா?

ஆபரேஷன் ஆனது. மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், அதுவரை பரவியிருக்கிறதா என்று பார்க்க. விலாவில் ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ரத்தநீர் அதில் வடியும். டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டுதான் கக்கூஸுக்கும் போக வேண்டும். அக்கா தன் பழைய பட்டு ரவிக்கையை வெட்டி, நாடா வைத்து, டப்பாவுக்கு ஒரு பை தைத்துக் கொண்டுவந்தாள். "உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும், பை ஜோரா இருக்கணும்ட்டி" என்றாள். இடது கையைத் தூக்க முடியாது. என் வீட்டுக்காரர் எனக்குத் தலை சீவிவிட்டார். வாழ்க்கையில் சீப்பைத் தன் தலைக்கு மட்டும் பிடித்த மனுசர். பேண்டேஜைச் சுருட்டுகிற மாதிரி என் முடியை இறுக்கிச் சுருட்டி ரப்பர் போட்டார். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த முடியும் கொஞ்ச நாளில் கொட்டிப்போகும் என்று அப்போது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. சேலை கட்டி, ரவிக்கைப் பையைத் தோளில் மாட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் போகலாம் என்றவர்கள் சாயங்காலம் வரை ஒன்றும் சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் இன்சூரன்ஸ் டெஸ்க்காரர் வந்தார். "சாரிங்க. ரிஜெக்ட் ஆயிருச்சு. கேஷ் கட்டினாத்தான் டிஸ்சார்ஜ்."

கார்த்திகா அப்போதுதான் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்ஸை விட்டு, டவுன் பஸ் மாறி வந்திருந்தாள். கம்பெனி அனுப்பிய கடிதத்தை அவள்தான் செல்போனில் வாசித்துத் தமிழில் சொன்னாள். முதல் தடவை வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். "என்ன பிள்ள?" என்றேன்.

"பத்தொம்பது வருசமா உனக்கு மார்ல கட்டி இருந்துச்சாம். நாட்டு வைத்தியம் பாத்தியாம். பாலிசி எடுக்கும்போது அதை மறைச்சிட்டியாம். பாலிசியையும் ரத்து பண்ணிட்டாங்க." அப்புறம் சொன்னாள்: "அம்மா, அது நான்தான். என்னப் பெத்ததத்தான் நோயின்னு எழுதிருக்காங்க."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு எங்களுக்கு முன்னால் புரிந்துவிட்டது.

பால் கட்டியிருந்துச்சு. சேர்த்துச் சொன்னால் பால் தேங்கிக் கட்டிக்கொண்டது. பிரித்துக் கேட்டால் கட்டி இருந்தது. அந்த டாக்டர் பெண் கட்டியைப் பிடித்துக்கொண்டாள், பாலை விட்டுவிட்டாள். மல்லிகைப்பூ நாட்டு வைத்தியம் ஆகிவிட்டது. பத்தொன்பது வருசம் ஒரு புற்றுநோய் புளியங்கொட்டை அளவிலேயே உட்கார்ந்திருக்குமா என்று அந்தக் கம்பெனியில் ஒரு ஆளும் கேட்கவில்லை. கேட்டால் பணம் கொடுக்க வேண்டி வரும்.

அக்கா அங்கேயே வளையலைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் திணித்தாள். அவர் வாங்கமாட்டேன் என்றார். திணித்துவிட்டுப் போய் வராண்டாவில் நின்றுகொண்டாள். கார்த்திகாவின் படிப்புப் பணமும் வளையலும் சேர்ந்துதான் என்னை அந்தக் கட்டிலிலிருந்து இறக்கியது.

நான் விடவில்லை. குழாயை எடுத்ததும் நேராக அந்த டூட்டி டாக்டர் பெண்ணிடம் போனேன். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள்.

"நாங்க சொன்னது பால் கட்டுனது. பிள்ளைக்குக் குடுக்காமக் கட்டுற பாலு. உங்க அம்மாகிட்ட கேளுங்க, தெரியும்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ" என்று கையை வாயில் வைத்தாள். "திருத்தி எழுதிக் குடுத்துர்றேன். நாளைக்கு வாங்க." நான் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் அவள் இருந்தாள், கூடவே டெஸ்க்காரரும் இருந்தார். பேசியது அவர்தான். "கம்பெனிக்குப் போன ரெக்கார்டை மாத்துனா எங்க மேல சந்தேகம் வரும்மா. எங்களுக்கும் அவங்களுக்கும் டை-அப் இருக்கு. அது போயிரும்." அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதுனது நீதானம்மா. நீ சொல்லு. கட்டியா, பாலா?"

"மேடத்தைக் கேக்காதீங்க" என்றார் அவர்.

பெரிய டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். சத்தமில்லாமல் டிவி ஓடுகிற அந்தக் கூடத்தில் இத்தனை நாளாக நோயாளியாக உட்கார்ந்திருந்தேன், அன்றைக்குப் பிச்சைக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்தபோது வழியை மறித்தேன். "நீங்கதான் சார் சொன்னீங்க, புதுசா வந்ததுன்னு. அந்த ஒரு வரிய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெக்கார்டுல ஒண்ணு இருக்கும்போது நான் வேற மாதிரி எப்படிம்மா எழுத முடியும்? ஹெல்த்தைப் பாருங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மார்பை அறுத்து உள்ளே பார்த்தவர் அவர். அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பாலு ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சோழபுரத்துக்கே போய் அவனைப் பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்தார். அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் சுகரையே மறைக்கலன்னு உனக்குத் தெரியும்" என்றேன். "நீ வேண்டாம்னு சொல்லியும் எழுதச் சொன்னேன். அதை மட்டும் ஒரு கடுதாசில எழுதிக் கையெழுத்துப் போடு. மறைக்கிற பொம்பள இவ இல்லைன்னு எழுது."

"மதினி, நான் வேண்டாம்னு சொன்னேன்னு எழுதுனா என் பொழப்பே போயிருமே."

"என் உசுரு போகலாமா?"

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. கம்பெனிய எதுத்து நான் எப்பிடி…" என்று இழுத்தவன், எழுந்திருக்கும்போது அடுப்படியைப் பார்த்துச் சொன்னான்: "நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அந்த அக்கா வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் கிடைச்சிருக்கும்."

அக்கா அடுப்படியில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் பாலுவின் சட்டையைப் பிடித்தார். நான்தான் விலக்கிவிட்டேன். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

அன்றிலிருந்து அக்கா ஆஸ்பத்திரியில் வாய் திறப்பதில்லை. ஊசி மருந்துக்கு என்கூட வந்தாள். கீமோ என்கிற அந்த மருந்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகு குடலைப் புரட்டும். வாந்தியைப் பிடித்தாள், முதுகைத் தடவினாள், சேலையை அலசினாள். நர்ஸ் எதாவது கேட்டால் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் காட்டுவாள். அவள் வீட்டு அத்தான் என்னிடம் தனியாகக் கேட்டார்: "உங்க அக்காளுக்கு என்னாச்சு ராணி? பஸ்ல கூட பேசமாட்டேங்கா."

கம்பெனி என் பணத்தை எடுத்தது, சரி. பேரையும் எடுத்தது. இதையும் எடுத்துக்கொண்டது.

காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளருக்குக் கார்த்திகா எழுதிப்போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு கொடுங்கள் என்றார்கள். ரெக்கார்டில்தான் பொய் இருக்கிறது என்று எழுதினோம். இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில் பாலு வேறொரு ஆளை அனுப்பினான். "கேன்சர் வந்தவங்களுக்கும் இப்ப பாலிசி இருக்கு மேடம்" என்று அவன் கேள்விகளை ஆரம்பித்தான். இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது உங்களை நிராகரித்திருக்கிறதா? ஆம். உண்மையை மறைத்ததற்காகவா? அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவன் கை நின்றது. "அப்ப கஷ்டம் மேடம்" என்றான். ஏற்கெனவே இருக்கிற நோய் இப்போது எனக்கு மூன்று. சுகர், புற்றுநோய், பொய்க்காரி என்கிற பெயர். முதல் இரண்டுக்காவது மாத்திரை இருக்கிறது.

ஒளிக்கதிர் வைக்க மதுரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிச்சம் மீதி இருக்கும் புற்றுநோய் செல்லைக் கதிரால் பொசுக்குவது அது. அங்கே கூட்டம் ஜாஸ்தி, காசு கேட்பதில்லை. எங்கள் முறை வந்தது. ஒரு சின்ன டாக்டர் பையன் புதுச் சீட்டு போட்டு முதலிலிருந்து கேட்டான். சுகர் சொன்னேன். ஆபரேஷன் சொன்னேன்.

"மார்ல இதுக்கு முன்னாடி எதுவும் இருந்துச்சாம்மா?"

அக்காவின் கை முந்தானைக்குப் போனது. எனக்குத் தெரியும், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எல்லோரும் அதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

"அக்கா, நீ சொல்லு."

"நான் எதுக்குட்டி. நீயே சொல்லு."

"நான் காய்ச்சல்ல கிடந்தேன். பூ வச்சுக் கட்டுனது நீ. உனக்குத்தான் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளையின் எடை, பூ வாங்கின கடை, அன்றைக்குப் பெய்த மழை எல்லாம் சொன்னாள். அவன் எழுதினான்.

"எழுதுனத வாசிங்க தம்பி" என்றேன்.

அவன் இங்கிலீஷில் வாசித்தான்.

"தமிழ்ல வாசிங்க. எங்களுக்குப் புரியணும்."

ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் சொன்னான். "பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி, குழந்தை பிறந்தப்போ, தாய்ப்பால் கட்டிக்கிட்டது. ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. கட்டி எதுவும் இல்லை."

அக்கா முந்தானையை விட்டுவிட்டு மேசைமேல் குனிந்தாள். "கடைசியா என்ன சொன்னீய சார்?"

"கட்டி எதுவும் இல்லைன்னு."

"அதை இன்னொரு தடவ வாசிங்க."

பின்னால் வரிசையில் நின்றவர் "செத்த சீக்கிரம்மா, நாங்களும் நிக்கோம்ல" என்றார். அக்கா திரும்பி, "நீங்க நில்லுங்க, நாங்க எம்புட்டு நின்னோம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவன் இன்னொரு தடவை வாசித்தான்.